எமனின் கிழட்டு எலிகள்

அந்த அறிவியல் கட்டடத்தில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எமன் என்று கேட்டால் வாசற்காவலாளி முதல் மேல்மாடி வேதியியல்காரர்கள் வரை எல்லோரும் வழிகாட்டுவார்கள். அடித்தளத்தில் இருக்கும் எலிக்கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்களில் ஒழுங்காகக் கொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எலிக்கு மருந்து கொடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், செல்லப் பெயர்கூட வைப்பார்கள். கொல்ல வேண்டிய நாளன்று மட்டும் சொல்லிவைத்தாற்போல் வயிற்றுவலி வந்துவிடும். "எமா, ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போயேன்" என்று கெஞ்சுவார்கள். அவளும் போவாள். எலியின் கழுத்துக்குப் பின்னால் ஒரு பேனாவை வைத்து அழுத்தி, வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. தான் செத்தது அந்த எலிக்கே தெரியாது.

வீட்டிலும் இதே கதைதான். சமையலறையில் கரப்பான் ஓடினால் அம்மா நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு அவளைக் கூப்பிடுவாள். பனைமரம் மாதிரி வளர்ந்த அண்ணன் அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்பான். செருப்போடு போவது அவள். திரும்பி வந்ததும் அதே அம்மா, "இந்தக் கைக்கு எவன்டி மோதிரம் போடுவான்?" என்று அங்கலாய்ப்பாள். "முதல்ல டாக்டர் பட்டம், அப்புறம் மோதிரம்" என்பாள் இவள். அந்தப் பதிலையும் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டிருந்தது.

வயதாக ஆக நினைவு ஏன் மங்குகிறது என்பது அவளுடைய ஆய்வு. அதற்குக் கிழட்டு எலிகள் வேண்டும். கிழட்டு எலி கடையில் கிடைக்காது, குட்டியிலிருந்து வளர்த்துக் கிழடாக்க வேண்டும். அவள் வளர்த்தாள். பண்டிகை விடுமுறை, அண்ணன் கல்யாணம், தனக்கு வந்த மஞ்சள் காமாலை எதுவும் அந்தக் கூண்டுகளுக்குத் தீனி போடுவதைத் தடுக்கவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு இந்தப் பருவத்தோடு முடிகிறது. இந்த எலிகள் போனால் இன்னொரு கூட்டத்தைக் கிழடாக்க அவளுக்கு நேரம் கிடையாது. பட்டமும் கிடையாது.

அவளுடைய கைடு ஒரு தனிப்பிறவி. ஒரே கேள்வியை இரண்டு மாணவர்களிடம் கொடுத்துவிட்டு யார் முந்துகிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் ஆரோக்கியமான போட்டி. நமக்குத் தெரிந்த தமிழில் அதற்கு வேறு சொல் இருக்கிறது, அதை அச்சில் போட முடியாது. அவளோடு அவர் மோதவிட்டது சோடாபுட்டியை. தடிமனான கண்ணாடி, மெலிந்த உடம்பு, ரத்தத்தைப் பார்த்தாலே முகம் வெளுத்துப்போகும் ஆள். ஆனால் இருவரும் மோதிக்கொள்ளவில்லை. ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். அவனுடைய எலிகளையெல்லாம் இத்தனை காலமும் கொன்று கொடுத்தது அவள்தான். அதனாலேயே அவன் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

போன மாதம் சோடாபுட்டியின் கிழட்டு எலிகள் தொற்று நோயில் கொத்தாகச் செத்தன. அவளும் அவனுக்காக வருத்தப்பட்டாள். தன்னுடைய எலிகளின் மீது யாருடைய கண்ணாவது விழும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று காலை அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போய்விட்டு அவள் தாமதமாக வந்தாள். எலிக்கூடத்துக் கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. எலி அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை.

அவளுடைய கூண்டுகள் திறந்து கிடந்தன. மேசையில் அவளுடைய எலிகள் வரிசையாகக் கிடந்தன. சில செத்திருந்தன. சில சாகவில்லை. இழுத்த இழுப்பில் கழுத்து ஒடியாமல் முதுகு ஒடிந்து, பின்கால்கள் செத்து, முன்கால்களால் மேசையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கு வாலின் தோல் மட்டும் உரிந்து வந்திருந்தது. நடுவில் சோடாபுட்டி, கையில் பேனாவோடு, மூக்கு ஒழுக அழுதுகொண்டு நின்றான்.

ஒன்றைக் கொன்று, உடனே மூளையை எடுத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். மூச்சு நின்று சில நிமிடங்கள் போனால் மூளை கெட்டுவிடும், ஆய்வுக்கு ஆகாது. அவனுக்கும் இது மனப்பாடம். ஆனால் பயந்தவன் புத்தி வேறு விதமாக வேலை செய்யும். கொல்கிற பாவத்தை ஒரேயடியாகத் தொலைத்துவிட்டு அப்புறம் நிதானமாக வெட்டலாம் என்று நினைத்துவிட்டான்.

துடித்துக்கொண்டிருந்தவற்றை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தை ஒடித்தாள். கத்திரி பக்கத்திலேயே இருந்தது. நைட்ரஜன் குடுவை புகைந்துகொண்டிருந்தது. கடைசியாகச் செத்தவை இன்னும் கையில் சுட்டன. அவற்றை மட்டும் காப்பாற்றினாலே ஆய்வேடு எழுதிவிடலாம். அவள் கத்திரியை எடுத்தாள்.

"சார்தான் உன் எலிய எடுத்துக்கச் சொன்னாரு," என்றான் சோடாபுட்டி. "உன்கிட்ட அவரே பேசிட்டேன்னாரு. கட்டுரையில உன் பேரும் வரும்னாரு. ரெண்டாவதா."

ரெண்டாவதா என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கத்திரியைக் கீழே வைத்தாள். கூண்டின் கம்பி மூடியை எடுத்து அவன் முகத்தில் அறைந்தாள். கண்ணாடி உடைந்து புருவத்தில் ஏறியது. அவன் தீனித் தட்டைத் தூக்கி அவள் காதோடு போட்டான். அவளுக்கு ஒரு பக்கம் கேட்காமல் போனது. மயிரைப் பிடித்து அவன் தலையைக் கழுவுதொட்டியின் விளிம்பில் மோதினாள். பல் தெறித்தது. அவன் அவள் மணிக்கட்டைக் கடித்தான், சதை கிழிந்தது. இருவரும் மரத்தூளிலும் எலிப்புழுக்கையிலும் உருண்டார்கள். இத்தனை வருடம் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்த கோபத்தையெல்லாம் அவள் அவன் விலாவில் இறக்கினாள். சொல்வதில் வெட்கம் என்ன, அது அவளுக்கு இனித்தது.

கீழே கிடந்தபடி அவன் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளிக்க, "அப்புறம் அடி," என்றான். "மொதல்ல மூளைய எடு. சூடு ஆறுது. எடுத்துட்டு வந்து அடி."

அவள் மறுபடி உதைத்தாள்.

கூண்டு கழுவுகிறவர் சத்தம் கேட்டு ஓடிவந்து அவளை இடுப்போடு தூக்கி விலக்க வேண்டியிருந்தது. அவரையும் அவள் முழங்கையால் இடித்தாள். அவருக்குப் பின்னாலேயே கைடு வந்தார். தரையில் கிடந்த ரத்தத்தைத் தாண்டி, கால்சட்டையில் படாமல் பார்த்து நடந்து, நேராக மேசைக்குப் போனார். ஓர் எலியை விரலால் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார். கடைசி வரிசை வரைக்கும் தொட்டுக்கொண்டே போனார்.

"ஜில்லுன்னு இருக்கு," என்றார். "எல்லாமே போச்சு. இவ்வளவு நேரமா ரெண்டு பேரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் படியேறிப் போனார். கூண்டு கழுவுகிறவர் ஒரு துண்டை நனைத்துச் சோடாபுட்டியின் கண்ணில் வைத்து அழுத்தினார். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பினான். அவளும் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டிலிருந்து ரத்தம் முழங்கை வரை வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மூளைய எடுன்னு நான் சொன்னேன்ல," என்றான் அவன்.

"சொன்னே," என்றாள் அவள். "கேட்டுச்சு."