வாசல் வரைக்கும் வண்டி

திருவொற்றியூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டிலிருந்து கடைசியில் இருக்கும் எங்கள் கீழ்வீட்டு வாசல் வரைக்கும் ஒரு மண் துண்டு உண்டு. இரண்டு புங்கமரம், நாலைந்து செம்பருத்தி, ஒரு மருதாணிப் புதர், பக்கத்தில் ஓர் ஆள் நடக்கிற வழி. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் கரியும் புழுதியும் இலைகளில் அப்பிக்கொள்ளும். என் மனைவி தினமும் காலையில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கழுவிவிடுவாள். தண்ணீர் கறுப்பாக வழியும்.

"இன்னாமே, மரத்துக்குத் தலைக்கு ஊத்திகினுகீறியா?"

"உன்னைவிட அது ஒழுங்கா ஊத்திக்குது, போய்யா."

ஈர இலையில் தேன்சிட்டு குளிக்கும் என்பதை அவள்தான் எனக்குக் காட்டினாள். கட்டைவிரல் அளவு உடம்பு. இலைமேல் விழுந்து புரண்டு, சிறகை உதறிவிட்டு அடுத்த இலைக்குத் தாவும். புதருக்குள் தையல்சிட்டு கூடு கட்டியது. சின்னான் குருவி ஜோடியாக வந்தது. குக்குறுவான் நாளெல்லாம் செம்பு தட்டுகிற மாதிரிக் கூவிக்கொண்டிருக்கும். எதிர்க் குடியிருப்பில் மண்ணே தெரியாமல் சிமென்ட் போட்டிருந்தார்கள். அங்கே காக்காயும் புறாவும்தான்.

போன வருஷம் அவளுக்கு மூச்சிரைப்பு முற்றியது. கேட்டிலிருந்து வீடு நாற்பது தப்படி. அதற்குள் நாலு இடத்தில் நிற்பாள். ஒருநாள் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பார்க்கிங்குக்காக அந்த மண்ணை எடுத்துவிடலாம் என்று மற்ற வீட்டுக்காரர்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்காக நான்தான் சண்டை போட்டுத் தடுத்து வைத்திருந்தேன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் நானே போய்ச் சொன்னேன். "வெட்டிடுங்கப்பா. ஆட்டோ எங்க வூட்டு வாசலாண்ட வர்ணும்." நாலே நாளில் மரம் போய் டைல்ஸ் வந்தது. பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைத்தேன், மடையன்.

ஆட்டோ வாசலில் நின்றது. அவள் இறங்கவில்லை. டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது தப்படிதானே. கையப் புடிச்சிகினு வந்திருந்தா நடந்திருப்பேனேயா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு ஜன்னலோரக் கட்டில்தான். காலையில் லாரி ஹாரன் மட்டும் கேட்கும். ஒருநாள் கேட்டாள், "சிட்டு வந்துச்சா?"

"எதிர் வூட்டாண்ட கீதுமே" என்றேன்.

அங்கே ஒரு செடிகூடக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அப்புறம் அவள் கேட்கவேயில்லை.

ஒரு செம்பருத்தித் தொட்டி வாங்கி ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். தினமும் இலையைக் கழுவினேன். அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

வெயில் காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அவளைக் கொண்டுபோக வந்த வண்டியும் எங்கள் வாசல் வரைக்கும் வந்தது.