சூப்பர்சார்ஜர் மாட்டிய கார்

என்ஜின் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் அந்த மெக்கானிக். என்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் சூப்பர்சார்ஜர் ஒன்றைத் தன் சொந்தக் காரில் மாட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முன்சக்கரங்கள் இழுக்கும் சாதாரணக் கார் அது. பானட்டுக்குள் கை நுழையவே இடமில்லை. பேட்டரியைப் பின்னால் நகர்த்தி, தகடு வெட்டி வெல்டிங் வைத்து, ஒருவழியாக மாட்டி முடித்தார். மனைவியை ஏற்றிக்கொண்டு புறவழிச் சாலைக்குப் போனார்.

ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார் சீறிப் பாய்ந்தது. அவருக்கு வாயெல்லாம் பல்.

"என்னங்க, தகர டப்பாவில கல்லைப் போட்டு ஆட்டுற மாதிரி சத்தம் வருதே?" என்றாள் மனைவி.

"எந்தச் சத்தம்?"

"நீங்க மிதிக்க மிதிக்க அதிகமாகுதே. கேக்கலையா?"

பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து பிஸ்டனைத் தின்னும் சத்தம் அது. எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லி எச்சரித்தவர் அவர். காலை எடுப்பதற்குள் என்ஜின் குலுங்கி நின்றது. பின்னால் ஒரே புகை.

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "எத்தனை நாளா எனக்குக் காது இப்படி?" என்று கேட்டார்.

"போன வருஷத்துலேருந்தே. சொன்னா மனசு உடைஞ்சுடுவீங்கன்னுதான் சொல்லலை."

மறுநாள் முதல் என்ஜின் வேலையோடு வருபவர்களை எதிர்க் கடைக்கு அனுப்பினார். இப்போது டயர் மட்டும் மாற்றித் தருகிறார். சத்தத்தை வைத்தே கோளாறு சொன்ன அந்த மெக்கானிக் என்ன ஆனார் என்று டயர் மாற்ற வருபவர்கள் யாரும் கேட்பதில்லை.