பதின்மூன்று ராகுகாலங்கள்

முசரவாக்கம் பரசுராமன் மகள் ஜோதிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எல்லாருக்கும் சந்தோஷம், ஒருவரைத் தவிர. அவர் அவளுடைய முதலாளி வேணுகோபால்.

காஞ்சிபுரத்தில் அவருடையது மூன்று மாடிப் பட்டுக்கடை. அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ஜோதிகா ஒருத்திதான். நாற்பது விண்டோஸ் கம்ப்யூட்டர்களை, உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமல் ஆட்டிவைப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் சென்னையில் யாரோ ஐபேடில் புடவை காட்டுவதைப் பார்த்துவிட்டு வேணுகோபால் பதினான்கு ஐபேடுகளை வாங்கி வந்தார். ஒன்றுகூட அவள் பேச்சைக் கேட்கவில்லை. கடை பிரிண்டரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அன்றைய அவசரத்தில் ஜோதிகா ஒரு தப்பு செய்தாள். பதினான்குக்கும் தன் பெயரிலேயே ஒரே ஒரு ஆப்பிள் ஐடி போட்டு, தன் போன் நம்பரையே கொடுத்துவிட்டாள். அதன்பிறகு எந்த ஐபேடுக்குச் சந்தேகம் வந்தாலும் அவள் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். பல் துலக்கும்போது வரும். பஸ்ஸில் நிற்கும்போது வரும். நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றிக்கொண்டிருக்கையில் வந்தது. கடையின் மூத்த விற்பனையாளர் தணிகாசலத்துக்கு அவள் போனில் எண்ணை வாசிப்பதைக் கேட்ட மாப்பிள்ளை கமல், “லாட்டரி எதுனா வுழுந்துச்சா?” என்றான்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு கேட்டாள்.

“பன்னெண்டு நாளா? அந்த நம்பர யாரும்மா சொல்றது?” என்றார் வேணுகோபால். “உன் போனு இல்லாம கடை ஓடுதுன்னு காட்டு, கையெழுத்துப் போடறேன். இல்லன்னா தாலி கட்டின மூணாம் நாளு வந்துடு.”

ஜோதிகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஆரம்பித்து வைத்தது தான்தானே என்று அடக்கிக்கொண்டாள். விண்டோஸையும் ஆப்பிளையும் ஒரே திரையில் நிர்வகிக்கும் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். கடைப் பெயரிலேயே ஐடி, எண் வந்தால் கடை போனுக்கே வரும். ஒரே சிக்கல், ஒவ்வொரு ஐபேடையும் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டும். ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வைகாசி முகூர்த்தத்துக்குக் கூட்டம் அலைமோதுகிற நேரத்தில் எந்த விற்பனையாளர் ஐபேடைக் கையிலிருந்து விடுவார்?

“கஸ்டமர் நின்னுக்கினு இருக்காங்கமா, அப்பால வா” என்று தணிகாசலம் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு ஜோதிகா படியிறங்கி வந்தாள். கீழ்த்தளம் வெறிச்சோடியிருந்தது. விற்பனையாளர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற வேன்களில் கல்யாண வீட்டார் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம். அந்த நேரத்தில் முகூர்த்தப் புடவையைத் தொடுவார்களா?

“அண்ணா, ஐபேடக் குடுங்க!”

“ராகுகாலத்துல புதுசா ஒண்ண ஆரம்பிக்கலாமாமா?”

“இப்ப அழிக்கத்தான்ணா போறேன். பன்னெண்டுக்கு மேலதான் ஆரம்பிப்பேன்.”

தணிகாசலம் யோசித்துப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கொடுத்துவிட்டார்.

அப்புறம் தினமும் ஒன்று. செவ்வாய் மூன்று மணிக்கு, புதன் பன்னிரண்டு மணிக்கு, ஞாயிறு நாலரைக்கு. திங்களன்று மட்டும் கடை திறப்பதற்கு முன்பே வந்துவிடுவாள். “ஜோதிமா, ராகு வந்துட்டாரு, எறங்கி வா” என்று தணிகாசலமே மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, கடைசி நாலு ஐபேடுகளை அவரே அழித்து அவரே தொடங்கினார். ஜோதிகா கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

பதின்மூன்று முடிந்தது. பதினான்காவது முதலாளியுடையது.

“இது பழசும்மா, கைய வெக்காத. புதுசு வாங்கி, நல்ல நாளு பாத்து நானே ஆரம்பிச்சிக்கறேன்.”

“பழைய ஐடியப் போட்டீங்கன்னா நம்பர் எனக்குத்தான் சார் வரும்.”

“தெரியும், தெரியும்.”

பதின்மூன்றும் ஒரு வாரம் அவள் போனைத் தேடவில்லை. வேணுகோபால் வேறு வழியில்லாமல் லீவில் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, ஏழரை டு ஒன்பது முகூர்த்தம். மேளம் முழங்கியது. கமல் தாலி கட்டும்வரை, தோழி சுகாசினி கையிலிருந்த ஜோதிகாவின் போன் மூச்சுவிடவில்லை. ஜோதிகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண் கலங்கியதில் பாதி அந்த அமைதிக்காகத்தான்.

மொய் வரிசை நகர ஆரம்பித்ததும் போன் அதிர்ந்தது. ஆறு இலக்க எண். ஜோதிகா வரிசையைப் பார்த்தாள். பட்டு வேட்டியில் வேணுகோபால் நின்றிருந்தார். ஒரு கையில் பரிசுப் புடவை, மறு கையில் பளபளவென்று புது ஐபேட். அவளுக்கு நல்ல முகூர்த்தம் என்றால் அவருக்கும் அதுதானே நல்ல முகூர்த்தம்!

மேடையேறிப் புடவையைக் கொடுத்து ஆசீர்வதித்தவர், குனிந்து குரலைத் தாழ்த்தினார். “அம்மா, ஒம்போதுக்குள்ள ஆரம்பிச்சாகணும். அந்த ஆறு நம்பர மட்டும்…”

“சார், நான் லீவுல இருக்கறேன்” என்றாள் ஜோதிகா, சிரிப்பை அடக்க முடியாமல்.

வரிசையில் பின்னாலிருந்து தணிகாசலத்தின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “கல்யாணப் பொண்ண வுடுங்க மொதலாளி! நாளைக்கி ஏழரைக்கு ராகுகாலம். பழச அழிச்சிட்டு, ஒம்போதுக்கு மேல புதுச நானே ஆரம்பிச்சித் தரேன்!”

வேணுகோபால் ஐபேடை வேட்டி மடிப்புக்குள் மறைத்தபடி போட்டோவுக்கு நின்றார். ஜோதிகா போனை வாங்கி ஸ்விட்ச் ஆஃப் செய்து சுகாசினியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கமல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.