கிளி தின்ற வயலும் சூசை அண்ணனும்

செய்தி வந்தபோது நம் தீவின் அபர்டீன் பஜாரில் என் விதைக்கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். கராச்சர்மாவிலிருந்து ஞானம்மாள் அக்காவின் போன். "தம்பி, பெரார்கஞ்ச் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சட்டைய மாட்டிக்கிட்டு நின்னாரு. மூச்சு வாங்குதுன்னு உக்காந்தாரு. அவ்வளவுதான்." சூசை அண்ணன் போய்விட்டார் என்பதைவிட, அவர் உட்கார்ந்தார் என்பதுதான் எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. வேளாண் துறையில் களப்பணியாளராக இருந்தபோதும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, கடைக்கு வந்தால் நான் இழுத்துப் போடும் ஸ்டூலில் பையை வைத்துவிட்டு நின்றபடிதான் பேசுவார். டீ ஆறும் முன்னே கிளம்பியும் விடுவார்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பித்தும் தெரியும். பெரார்கஞ்சில் துண்டு நிலம் வைத்திருப்பவர்கள் வழக்கமாக நடும் நெட்டை நெல் விளைய ஆறு மாதம் பிடிக்கும். அறுத்து முடிப்பதற்குள் மழை ஓய்ந்து மண் காய்ந்துவிடும். சீக்கிரம் விளையும் புது ரகத்தை நட்டால் ஈரம் இருக்கும்போதே பயறும் விதைக்கலாம் என்று அண்ணன் ஒவ்வொரு வரப்பிலும் நின்று சொன்னார். கேட்டவர் ஒரே ஒருவர், கணவர் இறந்தபின் தனியாக விவசாயம் பார்த்த வங்காளி, மாலதி தீதி. அவர் வயலில் புது நெல் அருமையாகத்தான் விளைந்தது. ஆனால் சுற்றியிருந்த வயல்களெல்லாம் பச்சையாக நிற்க, அது ஒன்று மட்டும் பழுத்து நின்றது. தீவிலிருந்த கிளியெல்லாம் அங்கே வந்து இறங்கிவிட்டது. "பாபு, ஆப்கா தான் தோதா கோ பசந்த் ஆயா" என்றார் தீதி. உங்கள் நெல் கிளிக்குப் பிடித்துவிட்டது என்று. அந்த வருஷம் அவர் வீட்டில் ரேஷன் அரிசிதான் வெந்தது.

ரகம் சரியில்லை என்று சொல்லி அண்ணன் கைகழுவியிருக்கலாம். "நெல்லு மேல குத்தம் இல்ல தம்பி. ஒருத்தி வயல்ல மட்டும் நடச் சொன்னேன் பாரு, அது என் குத்தம். மொத்தப் பேரும் ஒரே வாரத்துல நாத்து விட்டா, கிளி எத்தனை வயலத்தான் திங்கும்?" என்றார். அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. வங்காளிகள் இதில் பொரி பொரியுமா என்றார்கள். ராஞ்சிப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள், குட்டைப் பயிர், மாட்டுக்கு வைக்கோல் போதாது என்றார்கள். நம் தமிழ் ஆட்களுக்கோ இட்லிக் கவலை. அண்ணன் மெயின்லேண்டிலிருந்து வரவழைத்த அந்த ரக அரிசியில் அக்காவை இட்லி அவிக்கச் சொல்லி, டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினார். வங்காளி வீடுகளுக்குப் பொரி. வைக்கோலுக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. இல்லை என்றே ஒத்துக்கொண்டார். அதனால்தானோ என்னவோ, கடைசியில் அவர்களும் தலையாட்டினார்கள்.

எல்லோரும் சம்மதித்த அந்த வருஷம் பார்த்துக் கப்பல் சதி செய்தது. மெயின்லேண்டிலிருந்து நான் தருவித்த விதை மூட்டைகள் தாமதமாக, வெக்கையில் வெந்து வந்து சேர்ந்தன. அண்ணன் கைப்பிடி நெல்லை ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, பிறகு பிரித்துப் பார்த்தார். பாதிக்குமேல் முளைக்கவில்லை. கடைவாசலில் நின்றிருந்த விவசாயிகளிடம், "இத எடுக்காதீங்க, போயி பழைய நெல்லையே போடுங்க" என்று என் கண்முன்னே சொன்னார். கஷ்டப்பட்டுச் சேர்த்த கூட்டத்தை நீங்களே கலைக்கிறீர்களே என்று கத்தினேன். "முளைக்காத விதையக் குடுத்துட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த ஊருக்குள்ள போறது?" என்றார். மூட்டைகளை நானே கடைக்குள் இழுத்துப் போட்டேன். கோபம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது.

இனிக் கப்பலை நம்பக்கூடாது, விதையை ஊரிலேயே எடுக்க வேண்டும் என்று முடிவானது. முளைத்த கொஞ்சத்தை நடத் தன் வயலைத் தருகிறேன் என்று சொன்னவர் கிளியிடம் நெல்லைப் பறிகொடுத்த அதே மாலதி தீதிதான். இரண்டு பருவம் அவர் வலைபோட்டுக் காத்த விதை இந்த வருஷம்தான் எல்லோருக்கும் போதுமான அளவு சேர்ந்தது. அதை எல்லோரும் சேர்ந்து நாற்றுக்கு ஊறப்போடும் நாளைக் குறிக்கத்தான் அண்ணன் அன்று பஸ் பிடிக்கக் கிளம்பியிருந்தார்.

அடக்கத்துக்குப் பெரார்கஞ்சே திரண்டு வந்தது. ஃபாதர் ஜெபத்தை முடித்தார், மண் போட்டோம், மழையும் பிடித்துக்கொண்டது. அப்போது பெரியவர் ஒருவர், பாபுவே இல்லை, இந்த வருஷம் அவரவர் பழைய நெல்லையே போட்டுக்கொள்வோம் என்றார். சிலர் ஆமாம் என்றார்கள். நாலு பேர் விலகினால் போதும், மிச்சப்பேர் வயலில் கிளிதான் அறுவடை செய்யும். தீதி குடையை மடக்கிவிட்டு ஹிந்தியில் சத்தம் போட்டார்: "ஒரு தடவை நான் தனியாக நட்டுப் பட்டினி கிடந்தேன். இன்னொரு தடவை முடியாது. எந்த நாள் என்று சொல்லாமல் ஒருவரும் இங்கிருந்து நகரக்கூடாது." கல்லறையில் நின்றுகொண்டு இதென்ன பேச்சு என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஞானம்மாள் அக்கா அழுதுகொண்டே, "பேசட்டும் விடுங்க. அவரு கேக்க நெனச்சதத்தான் கேக்குறாங்க" என்றார். நனைந்தபடி அங்கேயே சண்டை போட்டு வரும் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அதே ஞாயிறன்றுதான் அவரோடு துறையில் வேலை பார்த்த நீங்கள் அண்ணனுக்கு இரங்கல் கூட்டம் வைத்திருக்கிறீர்கள். பேசுபவர்களில் என் பெயரும் இருக்கிறது. மன்னியுங்கள், நான் வரவில்லை. இதை எழுதி அனுப்புகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, நேர்மை எவ்வளவு வந்தது என்று தெரியவில்லை. என்னோடு தங்கிவிட்டது அவருடைய பதைப்புதான். அது என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. இதை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் பெரார்கஞ்சில் ஏதாவது ஒரு வாசலில் நின்று, ஊறப் போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.