ஐட்டமும் பார்ட்னரும்

போன ஞாயிறு ஜேடர்பாளையம் அணைப் பக்கம் ஒரு மீன் கடையில் உட்கார்ந்து வறுவலை ஒரு வாய் வைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. இது பார்ட்னர் வறுக்கிற மீன் அல்லவா!

யார் அது என்று கேட்பீர்கள். போர்வெல் போடும் ரிக் வண்டியில் நான் ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் என்னோடு வேலை பார்த்தவன். கம்ப்ரசர் போடுகிற இரைச்சலில் எந்தச் சாமானையும் பெயர் சொல்லிக் கேட்க முடியாது. ஸ்பேனரும் ஐட்டம், சுத்தியலும் ஐட்டம், டீயோடு வருகிற பன்னும் ஐட்டம். "அந்த ஐட்டத்த எடு பார்ட்னர்" என்று நான் கை நீட்டினால் சரியானது வந்து கையில் விழும். அவன் கேட்டால் நான் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடுவேன். அவனுக்கு மட்டும் எப்படிப் புரிந்ததோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆளுக்கும் அதே கதைதான். அவன் எனக்குப் பார்ட்னர், நான் அவனுக்குப் பார்ட்னர். ஆந்திராவில் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தான். பெயர்? ராசுவோ, ராசேந்திரனோ. ராசு என்பது எங்கள் வண்டிச் சமையல்காரர் பெயரோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

மீன் கிடைத்த அன்று மட்டும் பார்ட்னர்தான் வறுப்பான். "மீன்ல என்ன போட்ட?" என்பேன். "அதான் பார்ட்னர், அந்த ஐட்டம்" என்பான். பிறகு வீட்டில் ஓமம், சோம்பு என்று என்னென்னவோ போட்டுப் பார்த்து மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"கொள்ளு வறுத்துப் பொடி பண்ணிப் போடறமுங்க. முன்ன இங்க சமைச்ச ரிக்குக்காரரு ஒருத்தரு பழக்கிவுட்டது."

கொள்ளு! இத்தனை வருசம் கழித்து ஐட்டத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

"அவரு பேருங்க?"

"தெரியலீங்க. எல்லாரையும் பார்ட்னர், பார்ட்னர்னுதான் கூப்புடுவாரு. இப்ப எங்க இருக்காரோ. எப்பயாச்சும் இந்தப் பக்கம் வருவாரு."

எல்லாரையுமா? சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியாமல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போல் இருந்தது.

"வந்தா ஆரு தேடுனாங்கன்னு சொல்லட்டுங்க?"

வாய்வரை வந்த என் பெயரை விழுங்கிவிட்டேன். அவனுக்கு அது யாரோ ஒருவன் பெயர்.

"பார்ட்னர் வந்துட்டுப் போனான்னு சொல்லுங்க."

அந்த அம்மா கரண்டியைப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தப் பார்ட்னருங்க?"