கைக்குத் தெரிந்தது

வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது என் தொழில். குடும்பநல மாதுவாக இருபத்திரண்டு வருடம். கர்ப்பிணியைக் கட்டிலில் படுக்கவைத்துக் கையை வைத்தால் பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று தெரிந்துவிடும். போன வருடம் அது நின்றுபோனது. கை தொட்டது, எனக்கு ஒன்றும் வரவில்லை. வயிறும் மேசையும் ஒன்றுதான்.

அதற்கு முதல் நடந்தது இது. அன்புவழிபுரத்தில் ஒருத்திக்கு ஒன்பதாம் மாதம். "பிள்ளை துடிக்கிறது குறைவாக் கிடக்கு மிஸ்ஸி" என்றாள். தொட்டுப் பார்த்தேன். கருவியை வைத்தேன், இதயத்துடிப்புக் கேட்டது. "ஒண்டுமில்லை, பயப்பிடாமப் போய்ப் படுங்க" என்று அனுப்பினேன். விடிந்தபோது பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. விசாரித்த டொக்டர் முதல் கூட வேலை செய்கிறவர்கள் வரை எல்லோருக்கும் ஒரே கதை: துடிப்புக் கேட்டிருக்கிறது, உங்களுக்கு எப்படித் தெரியும்? நானும் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். அழவில்லை. மத்தியானம் சோறும் சாப்பிட்டேன்.

பிறகு கிளினிக்குக்கு வந்த எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தொடங்கினேன். கால் வீங்கினாலும் கடிதம், வீங்காவிட்டாலும் கடிதம். அங்கிருந்து முறைப்பாடு வந்தது. பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு, உளவளத்துணையாளரிடம் போகச் சொன்னார். மூன்று மாதத்தில் சரிவராவிட்டால் கிளினிக்கை விட்டு அலுவலகத்தில் பதிவேடு எழுத வேண்டும். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

தேவாலய மண்டபத்துக்குப் பின்னால் ஒரு அறை, இரண்டு கதிரை. துணையாளர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நடந்ததைச் சொல்லி முடித்தேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "இப்ப உடம்பில எங்கயாவது ஏதும் தெரியுதா?" என்று கேட்டார்.

"இல்லை."

"சரி. தேத்தண்ணிக்குச் சீனி போடவா?"

"போடுங்க."

"உடன சொல்லாதீங்க. கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்சம் இருங்க. வேணுமெண்டாலும் வேண்டாமெண்டாலும் உடம்பு எங்கயாவது காட்டும்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. ஒரு பிள்ளை செத்துப்போயிருக்கிறது, இவர் சீனியைப் பற்றிக் கேட்கிறார். ஆனாலும் கிழமைக்கு ஒருக்கால் போனேன்; போகாவிட்டால் பதிவேடு. ஒவ்வொரு தடவையும் கோப்பை, சீனி, அதே கேள்வி. ஆறாம் கிழமையோ ஏழாம் கிழமையோ, கரண்டி கோப்பைக்குக் கிட்ட வந்தபோது என் தொண்டை லேசாக இறுகியது. "வேண்டாம்" என்றேன். கலியாணம் கட்டி வந்த வீட்டில் எல்லோரும் சீனி போட்டுக் குடித்தார்கள், நானும் குடித்தேன். எனக்குப் பிடிக்குமா என்று நானே கேட்டதில்லை. அவர் என்னைப் பாராட்டவில்லை, கரண்டியைச் சீனிப் போத்தலுக்குள் திரும்பப் போட்டார்.

அடுத்த மாதம் கிளினிக்குக்கு ஒரு பிள்ளைத்தாச்சி வந்தாள், புருசன் சீனன்குடாவில் வேலை. ஒரு குறையும் சொல்லவில்லை. துடிப்பும் நன்றாகக் கேட்டது. வயிற்றில் கையை வைத்தேன். என் தொப்புளுக்கு மேலே ஏதோ இறுகிக்கொண்டு வந்தது. கையை எடுத்தேன், திரும்ப வைத்தேன், அதே இறுக்கம். கடிதத்தில் 'உடனடியாக' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு, ஓட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். பின்னேரம் வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்களாம். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. பிள்ளைக்குச் சுகம்.

பெரிய டொக்டர் போன் பண்ணி, "உங்கட கை திரும்பி வந்திட்டுது மிஸ்ஸி" என்றார். பதிவேட்டுக் கதையை அவர் திரும்ப எடுக்கவில்லை. எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த இறுக்கம் எனக்குப் புதிது இல்லை. அன்புவழிபுரத்துக்காரியின் வயிற்றைத் தொட்ட அன்றும் அதே இடத்தில் வந்தது. கருவியில் துடிப்புக் கேட்டதும் நான் அதைத் தள்ளிவிட்டேன். கை சரி என்றால் அன்றும் கை சரி. எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்று எல்லோரும் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நான் இவ்வளவு நாளும் மரத்துப்போய் இருந்திருக்கிறேன்.

துணையாளரிடம் சொன்னேன். "அதை ஆருக்குச் சொல்லவேணும் எண்டு இருக்குது?" என்று கேட்டார். யோசிக்கத் தேவைப்படவில்லை.

ஞாயிறு பூசை முடிய அன்புவழிபுரத்துக்காரியின் வீட்டுக்குப் போனேன். கதிரையைத் துடைத்துப் போட்டாள், குசினிக்குப் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை.

"அண்டைக்கு எனக்குத் தெரிஞ்சது தங்கச்சி. ஏதோ சரியில்லை எண்டு என்ர உடம்பு சொன்னது. நான் கேக்கேல்லை."

அவள் அழுவாள், இல்லாவிட்டால் வெளியே போகச் சொல்வாள் என்று இருந்தேன். நான் தொடாத கோப்பையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

"எனக்கும் தெரிஞ்சதுதான் மிஸ்ஸி," என்றாள். "நீங்க ஒண்டுமில்லை எண்டு சொன்னபடியா, எனக்குத்தான் விசர், வீண்பயம் எண்டு நினைச்சுக்கொண்டு போய்ப் படுத்திட்டன்."