கொட்டச்சேட்டுக்கு வந்த மெக்சிகோ பிசாசு

என் வீட்டில் யாருக்கும் பிடிக்காத பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. சனிக்கிழமை மத்தியானம் சமையல் முடிந்ததும் பழைய மெக்சிகோ பேய்ப்படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பேர்பெற்ற படங்கள் இல்லை. கையில் இருந்த காசுக்கு எடுத்த படங்கள். கன்னியாஸ்திரி மடத்துக்குள் பிசாசு புகும். சிலுவை தலைகீழாகத் திரும்பும். மாதா சிலையின் கண்ணிலிருந்து ரத்தம் வழியும், அது தக்காளிச் சாறு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பக்தியைக் காட்டி ஆளை உள்ளே கூப்பிட்டு, பயத்தைக் காட்டி உட்காரவைத்து, நடுவில் காட்டக்கூடாததையும் கொஞ்சம் காட்டிவிடுவார்கள். என் கணவர் “கண்றாவி” என்று எழுந்து போய்விடுவார். எனக்கோ சொந்த ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் நிற்பதுபோல் இருக்கும். அதற்குக் காரணம் சித்தப்பா.

கொட்டச்சேட்டில் எங்கள் தாத்தா உபதேசியார். பங்குச் சாமியார் எல்லா நாளும் வந்துபோக முடியாத மலைக்கிராமத்தில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் அவர்தான். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் என் அம்மா. இளையவளான சித்தியை மடத்துக்குக் கொடுத்திருந்தார். “சின்னவளைச் சாமிக்குக் குடுத்துட்டனுங்க” என்று சொல்லும்போதெல்லாம் அவர் முதுகு ஒரு விரற்கடை நிமிரும். சில வருடம் கழித்து, ஆயுசுக்கும் மடத்திலேயே இருப்பதாகக் கடைசி வார்த்தைப்பாடு கொடுக்கவேண்டிய நேரத்தில், சித்தி ஒரு தகரப்பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். அது போதாதென்று, ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சிடி கடை வைத்துக் கல்யாண வீடியோவும் எடுத்துக்கொண்டிருந்த ஓர் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள்.

தாத்தா திட்டவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சித்தி வந்தால், அவளைத் தாண்டிப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்ப்பார். அம்மாவும் நானும் சித்தி வீட்டுக்குப் போய்வருவது அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துகொள்வார்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் கோவிலை ஒட்டிய கூடத்தில் ஆண்டவரின் பாடுகள் படம் போடுவது வழக்கம். எனக்குப் பதினொரு வயதான அந்த வருடம் சிடி கெட்டுவிட்டது. பிலாத்துவின் அரண்மனைக்கு வந்ததும் ஆண்டவர் அப்படியே நின்றுவிடுவார், சிலுவைவரைக்கும் போகவே மாட்டார். சாமியார் சித்தப்பாவைக் கூப்பிட்டு, வேறு நல்ல பக்திப்படமாகக் கொண்டுவந்து போட முடியுமா என்று கேட்டார். சித்தப்பா குதித்துக்கொண்டு சரி என்றார். அவருக்குப் பக்தியெல்லாம் கிடையாது. மாமனார் ஒரு தடவையாவது முகத்தைப் பார்த்து “வாங்க” என்று சொல்லிவிட மாட்டாரா என்ற ஏக்கம்தான்.

சேலத்துக்குப் போய், நடைபாதையில் குவித்து விற்கிற சிடிகளைக் கிளறி ஒன்றை எடுத்துவந்தார். அட்டையில் ஓர் இளம் கன்னியாஸ்திரி கைகூப்பி நின்றாள். கன்னத்தில் ஒரு கண்ணீர்த் துளி, பின்னால் பெரிய சிலுவை. எழுத்து என்ன பாஷை என்று யாருக்கும் தெரியவில்லை.

“ஏதோ புனிதையாட்ட இருக்குதுங்க அக்கா. எப்படி உருகி அழுவறாங்க பாருங்க” என்று அம்மாவிடம் பெருமையாகக் காட்டினார்.

“ஒருக்கா போட்டுப் பாத்துக்கலாமுங்க” என்றாள் சித்தி. ஆனால் அந்த வாரம் கரடியூரில் ஒரு கல்யாணம். சித்தப்பாவுக்கு நேரமில்லை.

ஞாயிறு மத்தியானம் கூடத்து ஜன்னல்களைக் காப்பிக்கொட்டை காயவைக்கிற தார்ப்பாய்களால் மூடினோம். இரண்டு வெள்ளை வேட்டிகளை ஒட்டுப்போட்டுத் தைத்ததுதான் திரை. கோவில் ஜனத்தோடு எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். படம் என்றால் எந்தச் சாமி படமாக இருந்தால் என்ன. சாமியார் ஜெபம் சொல்லித் தொடங்கிவைத்தார். உடனேயே செம்மநத்தத்தில் ஒரு பெரியவருக்கு முடியவில்லை என்று ஆள் வந்தது. கூடத்தைத் தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் நோயாளிக்குப் பூசும் எண்ணெயோடு பைக்கில் கிளம்பிப் போனார்.

படம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. மணி அடித்தது. கன்னியாஸ்திரிகள் மெழுகுவர்த்தியோடு வரிசையாக வந்தார்கள். பெண்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். மடத்துப் பெரிய அம்மா நிலவறைக்குள் இறங்கி ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஓர் ஆட்டுக்கடா துள்ளி வந்தது. அதன் கண்கள் இரண்டும் டார்ச் விளக்குபோல் எரிந்தன. அது வாயைத் திறந்து, ஆண் குரலில் சிரித்தது.

பிள்ளைகள் நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் ஒண்டிக்கொண்டோம். அதற்குள் திரையில் ஒரு கன்னியாஸ்திரி சுவரில் பல்லிபோல் ஏறிக்கொண்டிருந்தாள். மாதா சிலை ரத்தக் கண்ணீர் விட்டது. புரொஜெக்டர் வெளிச்சத்தில் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்போல் இருந்தார். படத்தை நிறுத்தினால் தப்பை ஒத்துக்கொண்டதாகும். ஓடவிட்டால் என்ன ஆகுமோ தெரியாது. முன்வரிசையிலிருந்து தாத்தா எழுந்தார். சுவரோரமாக நடந்து சுவிட்சுப் பலகைக்குப் போனார். அவர் கை மேலே போனது.

அந்த நேரம் பார்த்து நான்தான் கத்தினேன். “சித்தி, அந்தக்கா என்ன சொல்றாங்க?”

சத்தியமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். மடத்தில் படித்தவர்களுக்கு மடத்து பாஷை எல்லாம் தெரியும் என்பது என் நம்பிக்கை. அது என் நம்பிக்கை மட்டும் இல்லை போலிருக்கிறது. “அதானே, நமக்கென்ன புரியுது? மடத்துல இருந்த புள்ள, நீ சொல்லு சாமி” என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல்கொடுத்தார். வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். சித்தி என்னைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். சுவிட்சின்மேல் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஜெபம் சொல்ல வைத்திருந்த மைக்கை எடுத்தாள்.

“இது நடந்த கதைங்க” என்றாள். “இந்த மடத்துல யாரும் கெட்டவங்க இல்லீங்க. பயந்தவங்க. பயம் குடியிருக்கற ஊட்டுக்குள்ளதான் இந்த மாதிரி ஆடு வரும்ங்க.”

“ஆமாமா” என்றது கூட்டம். தாத்தாவின் கை சுவிட்சிலேயே நின்றது.

அதற்குப் பிறகு சித்தியை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆடு பேசினால் ஆடுபோல் கரகரத்தாள். பெரிய அம்மா அதட்டினால் அதட்டினாள். அந்த அதட்டல் மட்டும் கற்பனை இல்லை, மடத்தில் யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்தது என்று அம்மா பிற்பாடு சொன்னாள். ஒரு வௌவால் குறுக்கே பறந்தபோது அதைக் கட்டியிருந்த நூல் பளிச்சென்று தெரிந்தது. “நூலு! நூலு!” என்று பிள்ளைகள் கூவினோம். சித்தி அசரவில்லை. “பிசாசு எப்பவும் நூலுலதான் தொங்கும், கண்ணு. இழுக்கறவன் வேற ஒருத்தன்” என்றாள்.

ஓர் இடத்தில் பேய் பிடித்த கன்னியாஸ்திரிகள் அங்கியைக் கிழித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். சித்தப்பா பதறிப்போய்ப் புரொஜெக்டர் கண்ணாடியைக் கையால் பொத்தினார். திரை முழுக்க ஐந்து விரலோடு கன்னங்கரேலென்று ஒரு பிரம்மாண்டமான கை விழுந்தது. ஜனம் ‘ஆ’வென்றது.

“சாமியோட கைங்க” என்றாள் சித்தி, மூச்சுவிடாமல். “நாம பாக்கக்கூடாதத அவரே மறைக்கறாருங்க.”

பாதிக் கூட்டம் முழங்கால் போட்டது. தன் கையைப் பார்த்து இத்தனை பேர் கும்பிடுவதைக் கண்ட சித்தப்பா அதை எடுக்கவும் பயந்துபோய் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

இந்தப் படங்களை எடுத்தவர்கள் கோவிலைக் கேலி செய்யத்தான் எடுத்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. கோவிலுக்குப் பயந்தவர்களால்தான் இப்படி எடுக்க முடியும். அந்தத் திரையில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த ஆண்டவரின் காயம்பட்ட உடம்பும், நெஞ்சில் வாள் குத்திய வியாகுல மாதாவும் எங்கள் கோவிலிலும் இருந்தார்கள். பெரிய வெள்ளி நாடகத்தில் பீட்ரூட் சாற்றை ரத்தமாக ஊற்றிக்கொள்பவர்கள்தான் நாங்களும். லயத்து வீட்டுப் பெண்களுக்கும் அது அந்நியமாக இல்லை. கன்னியாஸ்திரி தலைவிரித்து ஆடியபோது, அருள் வந்தவரிடம் கேட்பதுபோல் “யாரு வந்திருக்கறதுன்னு கேளுங்க” என்று ஓர் அம்மாள் பயபக்தியோடு சொன்னாள். “அட, நொம்பத் தூரத்து ஊருன்னு நெனச்சேன். நம்மூராட்டவே இருக்குது” என்றார் அந்தக் கிழவர்.

கடைசியில் அட்டையில் இருந்த இளம் கன்னியாஸ்திரி எரிகிற விளக்கை ஆட்டின்மேல் வீசினாள். ஆடு புகைந்து, அட்டைப்பெட்டிபோல் மடங்கி விழுந்தது. கூடம் ஆர்ப்பரித்தது. எங்கள் பங்குக் கோவிலில் முதல் விசில் அன்றைக்குத்தான் கேட்டது.

ஆனால் படம் முடியவில்லை. அந்தப் பெண் தன் முக்காட்டைக் கழற்றினாள். அழகாக மடித்துப் பீடத்தின்மேல் வைத்தாள். மடத்து வாசலை நோக்கி நடந்தாள். வசனம் இல்லை, வெறும் இசைதான். சித்தியும் பேசாமல் நின்றாள். பேசமாட்டாள் என்றே நினைத்தேன். பிறகு மைக்கில் மெதுவாகக் குரல் வந்தது.

“இவங்கள யாரும் தொரத்தலைங்க. இவங்களுக்குச் சாமி மேல கோவமும் இல்லீங்க. அந்த ஊட்டுல அவங்களுக்குன்னு இருந்த வேலை முடிஞ்சுபோச்சு. வெளிய போனா சாமி கூட வரமாட்டாருன்னு சொல்லித்தான் இத்தனை நாளும் பயமுறுத்தி வெச்சிருந்தாங்க.” திரையில் கதவு திறந்தது. வெட்டவெளியில், வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு கறுத்த உருவம் நின்றது. “கதவத் தொறந்து பாத்தா, அவரு இவங்களுக்கு முன்னாலயே வந்து நிக்கறாருங்க.”

பெண்கள் அந்த உருவத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். வளர்ந்தபின் அந்தப் படத்தை கீழே ஓடும் ஆங்கில வசன வரிகளோடு இணையத்தில் தேடிப்பிடித்துப் பார்த்தேன். சித்தி சொன்ன ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. வாசலில் நிற்பவன் பிசாசு. அவள் ஆத்மாவை விற்றுவிட்டு அவனோடு போகிறாள். எடுத்தவர்கள் அவளைத் தோற்கடித்துத்தான் படத்தை முடித்திருந்தார்கள். கொட்டச்சேட்டில் அவள் ஜெயித்தாள்.

தார்ப்பாய்களை இழுத்துவிட்டதும் வெளியிலிருந்து மூடுபனி வெளிச்சம் உள்ளே விழுந்தது. ஜனம் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. “அடுத்த ஞாயித்துக்கெழமையும் போடுவீங்களா?” என்று யாரோ கேட்டார்கள். சித்தப்பா சட்டை நனைய வியர்த்துப்போய் ஸ்டூலில் சாய்ந்திருந்தார்.

தாத்தா சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகச் சித்தியிடம் வந்து மைக்குக்காகக் கையை நீட்டினார். பேச்சு விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சித்தப்பா எழுந்து வந்து சித்திக்கு முன்னால் நின்றுகொண்டார். தாத்தா அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். “நீங்க உக்காருங்க மாப்பிள்ளை” என்றார்.

அப்புறம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“எம்புள்ள சொன்ன கதை எல்லாத்துக்கும்…”

குரல் பாதியில் அடைத்து நின்றது. மைக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். சித்திக்கும் அந்தக் கவலைதான் போலிருக்கிறது, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டார்.

“எம்புள்ள சொன்ன கதை எல்லாத்துக்கும் புரிஞ்சுதுங்களா?”

ஞானோபதேச வகுப்பில் கேள்வி கேட்பதுபோலவே இருந்தது எனக்கு. சரியான பதிலை முந்திக்கொண்டு சொல்லிவிடவேண்டும் என்று பெஞ்சுமேல் ஏறி நின்று, கூடத்தில் இருந்த அத்தனை பேரையும்விடச் சத்தமாகக் கத்தினேன்: “புரிஞ்சுதுங்க!”